ஈர நிலக்கரியின் விலை

என் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் என்ன வேலை பார்த்தாள் என்று தெரியவில்லை. "கரண்ட் ஆபீஸ்" என்றார்கள். ஒருவர் அவளை மீட்டர் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் போன மாதம் பில் அதிகமாக வந்ததைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். அதனால் எழுதிவைக்கிறேன்.

அவள் வேலை பார்த்தது மின்நிலையத்தின் எரிபொருள் ஆய்வுக்கூடத்தில், முப்பத்தொரு வருடம். அங்கே நிலக்கரி, உலை எண்ணெய், எரிவாயு மூன்றும் எரிந்தன. ஒரு கிலோவை எரித்தால் எவ்வளவு சூடு வரும் என்று சோதித்து, அதை விலையோடு சேர்த்துப் பார்த்து, ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க எதற்கு எவ்வளவு ஆகும் என்று மாதம் ஒரு தாள் எழுதுவாள். தாளின் இடப்பக்கம் செலவு. வலப்பக்கம், அதே ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு சாம்பல், எவ்வளவு கந்தகப் புகை, எவ்வளவு கரியமில வாயு. வலப்பக்கத்தைச் சேர்த்தது அவள்தான், யாரும் கேட்கவில்லை. இடப்பக்கத்தை மேலாளர், கொள்முதல் அதிகாரி, கணக்குப் பிரிவு எல்லோரும் படித்தார்கள். வலப்பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் படித்தார், வேறு வழியில்லாமல்.

வீட்டிலும் இதே புத்திதான். கல்யாணமான புதிதில் குளிக்க வெந்நீர் கேட்டேன். கேஸ் அடுப்பில் வைத்தால் இவ்வளவு, மின்சாரத்தில் போட்டால் இவ்வளவு, விறகு வாங்கினால் இவ்வளவு என்று ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். நான் துண்டோடு நின்றேன். கடைசியில், "பச்சத் தண்ணியில குளிங்க. உடம்புக்கும் நல்லது" என்றாள்.

எந்த எரிபொருளையும் அவள் புகழ மாட்டாள். எரிவாயு சுத்தமானதுதானே என்று ஒருமுறை கேட்டேன். "எரிஞ்சா சுத்தம். குழாயில கசிஞ்சா கரியமில வாயுவைவிட மோசம். கசியறத யாரு அளக்கறா?" என்றாள். உலை எண்ணெய் என்றால் முகத்தைச் சுளிப்பாள். அதற்கு விலையும் அதிகம், புகையும் அதிகம். தாளில் அதன் வரி எப்போதும் கடைசியில் கிடந்தது. சூரிய ஒளியைத் தாளில் ஏன் சேர்க்கவில்லை என்று என் நண்பன் கேட்டபோது, "சம்பளம் கேக்காது, உண்மைதான். ஆனா சாயங்காலம் ஆனா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடும். நைட் ஷிப்டுக்கு ஆள் வேணும்ல" என்றாள்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், அதே மின்நிலையத்தில் பாய்லர் ஃபோர்மேன். அவர்தான் அவளை அந்த வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னவர். நாற்பது வயதிலும் அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவும் அவரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் ஒரே விஷயத்துக்காக ஒன்பது வருடம் சண்டை போட்டார்கள். அவளுடைய தாள்படி ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ நிலக்கரி போதும். பாய்லரில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்க்கொண்டிருந்தது.

"உன் கரியில சூடு இல்ல பாப்பா."

"உன் ஆளுங்க கையில சூடு இல்ல. கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசினா சூடு எங்க நிக்கும்?"

"இருபது வருஷமா நெருப்பப் பாத்துட்டு இருக்கேன். நீ ஸ்பூன்ல எரிச்சுப் பாக்கறவ."

"ஸ்பூன் பொய் சொல்லாதுண்ணா."

இது சாப்பாட்டு மேசையோடு முடிகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. நிர்வாகம் வருடம் ஒருமுறை பாய்லர் பிரிவுக்கு மெமோ கொடுத்தது: 'அளவுக்கு மீறிய நிலக்கரிச் செலவு, விளக்கம் தேவை.' மச்சானிடம் விளக்கம் இல்லை. இரண்டு முறை இன்க்ரிமென்ட்டை நிறுத்தினார்கள். ஒருமுறை கேட்டில் அவருடைய ஆட்களின் பைகளைச் சோதித்தார்கள். நிலக்கரியைச் சாப்பாட்டுப் பையில் கடத்தினால் வருடத்துக்குப் பதினாறாயிரம் டன் குறையுமா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவள்கூட.

தப்பு எங்கே இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வந்ததெல்லாம் கெட்டியான மலைக்கரி. கல் மாதிரி காய்ந்திருக்கும். இரண்டாம் வருடம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதுப் படிவம் வேண்டும் என்றபோது அவள்தான் தயாரித்தாள். சூட்டுக்கு ஒரு வரி, சாம்பலுக்கு ஒரு வரி, கந்தகத்துக்கு ஒரு வரி. ஈரத்துக்கு வரி இல்லை. அதில் ஈரமே இல்லை. கீழே, 'படிவம் தயாரித்தவர்' என்ற இடத்தில் அவளுடைய இரண்டெழுத்துச் சுருக்கொப்பம். ஆறு வருடம் கழித்து விலை மலிவு என்று பழுப்பு நிலக்கரி வாங்க ஆரம்பித்தார்கள். அது திறந்த ரயில் பெட்டியில் சொதசொதவென்று வரும். அப்படியே அரைத்தால் ஆய்வுக்கூடத்து அரவை இயந்திரம் அடைத்துக்கொள்ளும். அதனால் அரவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், எல்லோரும் அவரைக் கிரைண்டர் என்பார்கள், மாதிரியைத் தகரத் தட்டுகளில் பரப்பி ஜன்னலோரம் வைத்துவிடுவார். மறுநாள் காய்ந்ததும் அரைத்துக் கொடுப்பார். ஒன்பது வருடம் அவள் சோதித்தது அந்தக் காய்ந்த கரியை. ஆனால் ரயிலில் எடை போட்டுக் காசு கொடுத்தது ஈரக் கரிக்கு.

தட்டை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அது வெளியில் வந்தது ஒரு புதுத் தராசால். தராசு வந்திறங்கிய அன்று, அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கிரைண்டர் கையில் கிடைத்ததை எல்லாம் அதில் வைத்துப் பார்த்திருக்கிறார். தன் செருப்பு, டீக் கெட்டில், பரப்பப்போகிற பத்து கிலோ நிலக்கரி. மறுநாள் காலை காய்ந்த கரியைத் திரும்ப வைத்தார். வைத்துவிட்டு என் மனைவியின் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, இந்தத் தராசத் திருப்பி அனுப்பிடலாம். ஒரு நாள்லயே கெட்டுப்போச்சு."

"என்னாச்சு?"

"நேத்துப் பத்து கிலோ காட்டுச்சு. இன்னிக்கு அதே கரி ஏழு கிலோ எண்ணூறு. ரெண்டு கிலோவ முழுங்கிடுச்சு."

"செருப்ப வெச்சுப் பாத்தீங்களா?"

"செருப்பு சரியாத்தான் காட்டுது."

அவள் எழுந்து போய்த் தட்டைப் பார்த்தாள். மூன்று நாள், மூன்று ரயிலின் மாதிரிகளை அவளே நிறுத்தாள். இரண்டு கிலோவுக்குக் கீழே எதுவும் குறையவில்லை. கிரைண்டர் கடைசிவரை தராசைத்தான் சந்தேகப்பட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒன்பது வருஷமா தண்ணிய நிலக்கரி விலைக்கு வாங்கியிருக்காங்க."

"யாரு அந்த முட்டாள்?" என்றேன்.

"வாங்கினது அவங்க. சொன்னது நான்."

உறையைத் தேடினாள். அவளுடைய தாளில் நிலக்கரிக்கு யூனிட்டுக்கு இருபத்தேழு காசு, எரிவாயுவுக்கு முப்பத்தொன்று. ஈரத்தைக் கழித்தால் நிலக்கரி முப்பத்தைந்து. வலப்பக்கத்தையும் போட்டுப் பார்த்தாள். அது அனேகமாக மாறவில்லை. சாம்பலையும் சூட்டையும் ஒரே காய்ந்த மாதிரியில் அளந்ததால் அந்தப் பக்கம் ஒன்பது வருடமும் சரியாகவே இருந்திருக்கிறது. "எல்லாரும் படிக்கிற பக்கம்தான் தப்பு" என்றாள்.

இந்த நேரத்தில்தானா வரவேண்டும். அடுத்த மாதம் நிர்வாகக் கூட்டம். இனிப் பத்து வருடத்துக்கு எந்த எரிபொருள் என்று அதில் முடிவு செய்யப்போகிறார்கள். நிலக்கரி என்றால் எரிந்த சாம்பலைக் கொட்ட இரண்டாவது சாம்பல் குளம் வெட்டவேண்டும். முதல் குளம் விளிம்பு வரை நிறைந்துவிட்டது. இடமும் பார்த்தாகிவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாற்பது வீடும், காய்கறி நாற்று வளர்க்கிற தோட்டங்களும், பதினெட்டுக் கிணறும் இருந்த இடம். போதாததற்கு ஆய்வுக்கூடத் தலைமைப் பதவி காலியாக இருந்தது. அடுத்து அவள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அடுத்த மாசத்திலேருந்து சரியாப் போட்டுடு. கரி மாறிடுச்சுன்னு நெனச்சுப்பாங்க. யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். இது என் யோசனை. எழுதத்தான் வேண்டும்.

"கேக்க மாட்டாங்க" என்றாள். "அண்ணனோட மெமோ?"



ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனோம். சாப்பாடு பரிமாறும் முன்பே சொல்லிவிட்டாள். தட்டு, ஜன்னல், தராசு எல்லாம். மச்சான் கேட்டுக்கொண்டார். தண்ணீரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் திருடன் இல்ல."

"இல்லண்ணா."

"எனக்கு ஒன்பது வருஷமா தெரியும் பாப்பா. உனக்குத்தான் இப்பத் தெரியுது." சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு கேட்டார்: "சரியாப் போட்டா கரி எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"கேஸ்?"

"முப்பத்தொண்ணு."

அவர் சிரிப்பு நின்றது. அவருக்கும் கணக்குத் தெரியும். "பாய்லர்ல நாங்க எத்தன பேரு?"

"நூத்தி நாப்பது."

"கேஸ் யூனிட்ல?"

"பன்னெண்டு."

"அப்ப வாய மூடிட்டு இரு."

"அண்ணா, உன் பேர்ல திருட்டுப் பழி இருக்கு."

"இருக்கட்டுமே. பழி என்ன, தினம் சோறு கேக்குதா? ஒன்பது மெமோ வாங்கியிருக்கேன், பத்தாவதையும் வாங்கிக்கிறேன். பாய்லர் எரியட்டும்."

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பதினெட்டுக் கிணறு இருக்குண்ணா. முதல் குளத்துப் பக்கத்துக் கிணத்துத் தண்ணிய நான் சோதிச்சிருக்கேன். நாயும் குடிக்காது."

"கிணத்துக்காகப் பேசறியா, கணக்குக்காகப் பேசறியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கணக்குக்காக" என்றாள். "கிணத்தத்தான் வலப்பக்கத்துல வருஷக்கணக்கா எழுதிட்டு இருக்கேனே."

"கூடப்பொறந்தவன் வயித்துல அடிச்சாவது அந்தக் கணக்கு சரியா இருக்கணும்?"

அண்ணி சாப்பாட்டை எடுத்துவைத்தாள். நால்வரும் சாப்பிட்டோம். மச்சான் என்னிடம் மட்டும், "மாப்ள, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றார்.

கூட்டத்துக்கு அவள் இரண்டு தாள் கொண்டுபோனாள், பழையது ஒன்று, திருத்தியது ஒன்று. நடந்ததை அன்று மாலை எனக்குச் சொன்னபோது சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சேர்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மேலாளர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒன்பது வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றாராம்.

"தப்புப் பண்ணிட்டு இருந்தேன் சார்."

மேலாளர் மறுபடியும் தாளைப் பார்த்தார். கொள்முதல் அதிகாரி உதவிக்கு வந்தார். "மண்ணுலேருந்து வர்ற பொருள். கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும்."

"ஆயிரம் டன்னுக்கு இருநூத்தி இருபது டன் சார். கொஞ்சம் இல்ல."

"அப்போ பாய்லர் பிரிவுக்குக் குடுத்த மெமோ எல்லாம்?" என்றார் மேலாளர்.

"எனக்குக் குடுத்திருக்கணும்."

கொடுத்தார்கள். ஒன்பதையும் சேர்த்து ஒரே மெமோவாக. தலைமைப் பதவி கொள்முதல் பிரிவிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அவர் நிலக்கரியைப் படத்தில் பார்த்திருந்தார். என் மனைவி அவருக்கு மூன்று மாதம் பாடம் எடுத்தாள். படிவத்தில் ஈரத்துக்கு ஒரு வரி வந்தது.

கூட்டம் எரிவாயு என்று முடிவு செய்தது. நான்கு காசுக்காக. நான்கு பாய்லரில் மூன்றை அணைத்தார்கள். அறுபது பேர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேரை அங்கங்கே பிரித்துப் போட்டார்கள். மச்சானுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம். ஒன்று, அவர்மேல் இருந்த ஒன்பது மெமோவும் ரத்து. இன்னொன்று, எரிவாயு யூனிட்டுக்கு மாற்றல். அங்கே அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கு ஒருமுறை ஒரு எண்ணைப் பார்த்து எழுதவேண்டும்.

கடைத்தெருவில் பாய்லர் ஆள் ஒருவரின் மனைவி இவளைப் பார்த்து, "இதோ வர்றா பாரு, எங்க வீட்டு அடுப்ப அணைச்ச புண்ணியவதி" என்றாள். என் மனைவி நின்று முழுக்கக் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் அதே கடைக்குத்தான் போனாள்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நாற்றுக்காரம்மா ஒரு தட்டு தக்காளி நாற்றோடு வந்தார். "நீங்கதான் எங்க தோட்டத்தக் காப்பாத்தினீங்களாம்."

"உங்க தோட்டத்துக்காக இல்லம்மா. நாலு காசுக்காக."

"எதுக்காக இருந்தா என்ன, கிணறு இருக்குல்ல" என்று அந்த அம்மா நாற்றை வைத்துவிட்டுப் போனார். காசு கொடுக்க இவள் பின்னாலேயே ஓடினாள்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. அவளோடு பேசுவதைத்தான் நிறுத்தினார். மூன்று வருடம் நான் நடுவில் தந்திக் கம்பம். "மாப்ள, உங்க வீட்டு மேடத்துகிட்ட சொல்லுங்க, அண்ணிக்கு முட்டி வலின்னு." அவள் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, "என்னங்க, டாக்டரப் பாத்தாங்களான்னு கேளுங்க" என்பாள். முதலில் நான் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன். பிறகு தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். அதுவே போதுமானதாக இருந்தது. அவருக்கு இருமல் குறைந்திருந்தது. "சாம்பல் இல்ல, சத்தம் இல்ல. தூக்கம்தான் வருது மாப்ள" என்றார். அது புகாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாம் வருடக் கடைசியில் எரிவாயு விலை ஏறியது. கொஞ்சம் நஞ்சமல்ல. ஒரு சனிக்கிழமை அவள் தாளை வீட்டுக்கே எடுத்து வந்திருந்தாள். எரிவாயு முப்பத்தெட்டு. நிலக்கரி, ஈரம் போக, முப்பத்தாறு. நான்கு தடவை போட்டும் அதேதான் வந்தது.

"ரெண்டு காசுதானே" என்றேன்.

"நாலு காசுன்னா பெருசு, ரெண்டு காசுன்னா சின்னதா?"

"இத அனுப்பினா மறுபடியும் சாம்பல் குளம்னு ஆரம்பிப்பாங்க."

"ஆரம்பிப்பாங்க."

"அந்த நாற்றுத் தோட்டம்..."

"தெரியுது." வலப்பக்கத்தைக் காட்டினாள். யூனிட்டுக்கு நூறு கிராம் சாம்பல். எரிவாயுவுக்கு ஒன்றும் இல்லை. கரியமில வாயு எரிவாயுவைப்போல் இரண்டு மடங்கு. "இதுக்கு மேல என்ன எழுதறது? எழுத வேண்டியத எழுதியாச்சு. அதப் படிக்காதவங்களுக்காக இந்தப் பக்கத்துல பொய் எழுத முடியுமா? எழுதலாம்னா அன்னிக்கே எழுதியிருப்பேனே. அண்ணன் கேட்டானே."

அந்த மூன்று வருடத்தில் அன்று ஒருநாள்தான் அவள் அழுது பார்த்தேன். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். எழுத்து கலையாமல் தாளைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தாள் போனது. செவ்வாய்க்கிழமை மின்நிலையம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்று மாலை மச்சான் வந்தார், ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில். செருப்பைக் கழற்றினார், நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார். நான் தலையைத் திருப்பத் தயாரானேன்.

"அனுப்பிட்டியா?" என்று அவளைக் கேட்டார்.

"அனுப்பிட்டேன்."

"உனக்கு வேணாம்னுதானே இருந்துச்சு?"

"வேணாம்னுதான் இருந்துச்சு."

"நாற்றுக்காரி உன்னச் சும்மா விடுவாளா?"

"விட மாட்டா."

"கடைத்தெருப் பக்கம் போகாத கொஞ்ச நாளைக்கு" என்றார். பிறகு அங்கேயே, கதவில் சாய்ந்துகொண்டு, "சாப்பிட என்ன இருக்கு?" என்றார்.

அவள் தட்டு எடுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு அதிகம் என்று அவளிடமே சொன்னார். உன் நாக்குதான் கெட்டுப்போச்சு என்று அவள் சொன்னாள்.

சாம்பல் குளத்தைக் கூட்டம் மூன்று முறை ஒத்திவைத்தது. அதற்குள் எரிவாயு விலை மறுபடி இறங்கியது. கிணறுகள் இன்றும் இருக்கின்றன. எத்தனை காசில் தப்பித்து நிற்கின்றன என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. மச்சான் அந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார். என் மனைவி அந்தத் தாளுக்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தாள். அண்ணனும் தங்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் சண்டை போட்டார்கள், நேரடியாக. எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.